காய்ந்த கல்லின் எடை

மெத்தைக் கடையின் கூரை ஒழுகிய நாளிலிருந்து ஃபிட்டருக்குத் தெருவில் வேறு பெயர் விழுந்துவிட்டது. அதுவரை சோலார்க்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு 'ஓட்டை' என்றார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் பால் வாங்க நிற்கும்போது, "ஓட்டை வீட்டுக்கு எத்தனை பாக்கெட்டு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். கேட்டவன் சட்டென்று இருமிக்கொள்வான்.

அந்தக் கூரையில் அவர் போட்டது பதினாறு துளை. சோலார் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு போல்ட். தூசியை ஊதி எடுத்து, பசை ஊற்றி, வாஷர் வைத்து, மேலே இன்னொரு கை பூசி, எல்லாம் முறைப்படிதான் செய்தார். பதினான்கு துளை நன்றாகத்தான் இருந்தது. இரண்டில் தண்ணீர் இறங்கிவிட்டது. கீழே ஒரு விடுதிக்காகத் தைத்து அடுக்கியிருந்த அறுபது பஞ்சு மெத்தைகள் ஊறிப்போயின. ஃபிட்டரும் அவர் மனைவியும் மூன்று நாள் அந்த மெத்தைகளை வெயிலில் போட்டுப் புரட்டினார்கள். நனைந்த பஞ்சு பிணம் மாதிரி கனத்தது. மெத்தைக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஃபிட்டருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அத்தோடு அவர் கூரை ஏறுவதை விட்டுவிட்டார். டிரில்லிங் மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். யாராவது கூப்பிட்டால் போய் மின்விசிறி கழற்றுவார், சுவிட்சு மாற்றுவார். மாடிப்படி ஏறவேண்டிய வேலை என்றால் முட்டி வலி என்று சொல்லிவிடுவார். எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

மனைவிக்குக் கல் பட்டறையில் வேலை. சிமெண்ட், மணல், ஜல்லி கலந்து அச்சில் நிரப்பி, அதிரும் மேடையில் வைத்துக் குலுக்கி, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கவேண்டும். நடைபாதைக் கல், ஓரக்கல், வேலிக்கல் என்று பதினோரு வருடமாக இதையே செய்கிறாள். அதனால் அவளுக்குக் கல்லுக்காரி என்று பெயர். சிமெண்ட் தின்ற விரல் நுனிகளில் தினமும் சாயங்காலம் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதையும் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். காய்கறிக்காரன் உருளைக்கிழங்கைத் தராசில் போடும் முன்பே அவள் பையை வாங்கி, "இது ரெண்டு கிலோ இல்லண்ணே, இன்னும் நாலு கிழங்கு போடுங்க" என்பாள். அவன் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நாலு கிழங்கு சேர்ப்பான்.

வீட்டில் மூன்றாவது ஆள் ஃபிட்டரின் அக்கா. புருஷனோடு ஒத்துப்போகவில்லை என்று பத்து வருடத்துக்கு முன்பு ஒரு பெட்டியோடு வந்தவள், இங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி இருந்த பைண்டிங் பட்டறையில் அச்சிட்ட தாள்களைப் புத்தகமாக மடிக்கும் வேலை. கை எவ்வளவு வேகமோ வாய் அதற்கு ஒரு படி மேலே. தம்பியின் பட்டப்பெயரைத் தெருவில் எவனாவது அவள் காதில் விழச் சொன்னால் அன்றைக்கு அவன் பாடு அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் பருப்பு சூப்பும் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார்தான் பேச்சை எடுத்தாள். பைண்டிங் பட்டறையில் அன்று நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகங்கள் மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன, கட்டிங் மெஷின் நின்றுவிட்டது. முதலாளியம்மா சோலார் வைப்பதென்று முடிவு செய்து மூன்று கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். மூன்று பேரும் கூரையில் துளை போடவேண்டும் என்றார்கள். மூன்று பேருக்கும் காப்பி கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"மேல் மாடி பூராக் காகிதம். ஒரு சொட்டு விழுந்தா ஒரு ரீம் போச்சு. 'என் கூரைக்குப் பதினெட்டு வயசு, இதுவரைக்கும் ஒரு ஆணி பார்த்தது இல்ல'ங்கறாங்க. அவங்க சொல்றதும் நியாயந்தானே. இப்படியே கரண்ட் போயிட்டிருந்தா ஆளைக் குறைக்க வேண்டியதுதான்னு கணக்கர் கிட்ட பேசிட்டிருந்தாங்க. மொதல்ல யாரை நிறுத்துவாங்க? மடிக்கிறவங்களைத்தான்."

ஃபிட்டர் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டே, துளை போடாமலும் வைக்கலாம் என்று முணுமுணுத்தார். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் அவர் சோலாரைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. இரண்டு பெண்களும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"எப்படி?" என்றாள் மனைவி.

"தாழ்வான ஸ்டாண்டு. ரப்பர் விரிச்சு அதுமேல வைக்கணும். காலுக்கு போல்ட்டுக்குப் பதிலா தட்டு இருக்கும். தட்டுல கல்லை அடுக்கிட்டா, கல்லோட கனத்துலயே காத்துக்கு நிக்கும். பயிற்சியில காட்டினாங்க. இங்க யாரும் செய்யறதில்ல."

"ஏன்?"

"கல்லை நம்ப முடியாது. கடையில வாங்கினா ஒண்ணு பதினெட்டு கிலோ இருக்கும், ஒண்ணு இருபத்திரெண்டு இருக்கும். கணக்குப் போட்டு வைக்கிறது எப்படி? காத்து மேலேருந்து அமுக்கறதில்ல. அடியில பூந்து தூக்கும். ஒரு மூலை லேசா இருந்தா, அங்க ஆரம்பிச்சு அத்தனையும் கெளம்பிடும்."

கல்லுக்காரி கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே எடையில கல்லு இருந்தா செய்வீங்களா?"

அவர் ரொட்டியால் கிண்ணத்தின் அடியை வழித்தார். நாத்தனார் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப்பை ஊற்றிவிட்டு, நாளைக்குக் காலையில் முதலாளியம்மாவிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். தம்பி செய்வதாக இன்னும் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

முதலாளியம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கட்டைவிரலில் எப்போதும் காய்ந்த பசை ஒட்டியிருக்கும், பேசும்போது அதை உரித்துக்கொண்டே பேசுவார். மெத்தைக் கடை விஷயம் அவருக்கும் தெரியும். ஃபிட்டர் அதை மறைக்கவில்லை. முதல் பேச்சாக அதைத்தான் சொன்னார். முதலாளியம்மா முழுவதும் கேட்டுவிட்டு, இரண்டே நிபந்தனை என்றார். கூரையில் ஒரு துளையும் விழக்கூடாது. கூரை இந்தப் பாரத்தைத் தாங்கும் என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

பொறியாளர் வந்து பழைய வரைபடத்தைப் பிரித்துவைத்துப் பார்த்தார், தூண்களைத் தட்டினார், மாடியில் அங்கும் இங்கும் நடந்தார். வைக்கப்போகிற நாற்பது பேனலையும் அதற்கான கல்லையும் பரப்பி வைத்தால் கூரை தாங்கும், அதற்கு மேல் ஒரு டன் ஏற்றினாலும் தாங்கும், ஆனால் ஒரே இடத்தில் குவித்துவிடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஃபிட்டர் இரண்டு நாள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். கட்டடத்தின் உயரம், கைப்பிடிச் சுவரின் உயரம், எந்தத் திசையில் காற்று அடிக்கும், எல்லாம் போட்டுப் பார்த்ததில் நூற்றறுபது கல் வந்தது. ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஓரத்து வரிசைகளுக்கும் மூலைகளுக்கும் அதிகம், நடுவில் குறைவு.

"இருபதுன்னா இருபது" என்று மனைவியிடம் சொன்னார். "பத்தொம்பது எனக்கு வேணாம்."

அவள் கல் பட்டறைக்காரரிடம் அனுமதி கேட்டு, வேலை முடிந்த பிறகு நின்று வார்த்தாள். தகர அச்சைத் தானே மடித்துச் சரிசெய்தாள். ஜல்லியைச் சலித்தாள். ஒவ்வொரு கலவைக்கும் ஒரே வாளி, ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம் குலுக்கல். மூன்று வாரம் வீட்டுக்கு வரும்போது அவள் புருவத்தில்கூட சிமெண்ட் இருக்கும். அதற்குள் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. முதலாளியம்மா ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டி வந்து வாசலில் நிற்க, அவள் தொட்டியிலிருந்து கல்லை எடுத்து எடுத்துத் தராசில் வைத்து, சரியாக இருபது வந்ததும் மேலே சாக்பீஸால் 20 என்று எழுதி வண்டியில் ஏற்றினாள். நூற்றறுபது கல்லில் ஒன்பதைத்தான் தள்ளவேண்டியிருந்தது. அதற்கு ஈடாக ஒன்பது கல் கூடுதலாகவே வார்த்து வைத்திருந்தாள். தராசைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டறைக்காரரே, இது மிஷினில் செய்த மாதிரி இருக்கிறது என்றார். அவளுக்கு அன்று நடை கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

முதல் நாள் ஃபிட்டர் பைண்டிங் பட்டறையின் மாடிப்படிக்குக் கீழே கால் மணி நேரம் நின்றார். செருப்பைக் கழற்றினார், திரும்பப் போட்டார். மடிக்கும் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, "முட்டி வலிக்குதா தம்பி?" என்று கேட்டாள். கூட இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் ஏறிப் போனார்.

மேலே போன பிறகு அவருக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. கூரையைப் பெருக்கி, கயிறு பிடித்துக் கோடு போட்டு, ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டார். மழைத்தண்ணீர் ஓடும் வழியை எங்கும் அடைக்காமல் விரிப்புகளுக்கு இடையில் சந்து விட்டார். மோட்டார் கப்பியில் கல் நாலு நாலாக மேலே வந்தது. ஓரச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் தள்ளி முதல் வரிசை. பேனலின் முதுகுப்பக்கம் காற்று நுழையாதபடி தகடு வைத்து மூடினார். ஸ்டாண்டுகளை ஒன்றோடொன்று பூட்டினார், ஒன்றைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். எட்டு நாளில் வேலை முடிந்தது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் படிக்கட்டு அறையில் உட்கார்ந்தன. முதலாளியம்மா கூரை முழுவதும் நடந்து, குனிந்து, தகடுகளுக்கு அடியில்கூட எட்டிப் பார்த்தார். துளை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கட்டைவிரல் பசையை உரிக்கத் தொடங்கினார். மின்சார இலாகாவிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனால் இணைத்துவிடலாம்.

அதற்குள் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது.

மூன்று நாளாகக் காற்றே இல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் காலையில் வானம் ஈயத்தட்டு மாதிரி ஆனது. மத்தியானத்துக்கு மேல் பலமான காற்று வீசும், யாரும் வெளியே வரவேண்டாம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. தேநீரை மட்டும் குடித்துவிட்டு, மேலே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாக்குப் பையோடு கிளம்பினார். பையில் என்ன என்று மனைவி கேட்கவில்லை. அவளுக்கு அன்று பட்டறையில் அவசரம். காற்றுக்கு முன்னால் சிமெண்ட் மூட்டைகளை மூடவேண்டும்.

மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, தார்ப்பாயின் மேல் கனத்துக்கு வைக்க அவள் அந்த ஒன்பது தள்ளுபடிக் கல்லில் ஒன்றைத் தூக்கினாள். தூக்கிய கை அங்கேயே நின்றது. இருபது இல்லை இது. இருபதுக்கு மேல் இருந்ததால்தான் அன்று அதைத் தள்ளினாள். மேலே அவள் கையாலேயே 20½ என்று எழுதியிருந்தது. தராசில் கொண்டுபோய் வைத்தாள். பத்தொன்பது கிலோ முந்நூறு கிராம். இன்னொன்றை வைத்தாள். அதுவும் ஒரு கிலோ இருநூறு குறைவு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குத் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்து எடை போட்டாள். கல் குடித்திருந்த தண்ணீரையும் சேர்த்துத்தான் இருபது. வண்டி நிற்கிறது, முதலாளியம்மா ஆள் அனுப்புகிறார் என்கிற அவசரத்தில், பதினோரு வருடம் கல் வார்த்தவளுக்கு இது தோன்றவில்லை. இத்தனை நாள் வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும். கூரையில் இருக்கும் நூற்றறுபது கல்லில் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவுக்கு மேல் குறையும்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் ஒரு நொடி வந்து போனது. பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பைண்டிங் பட்டறைக்குப் போனாள். மடிக்கும் மேஜையைத் தாண்டி, நாத்தனார் கூப்பிட்டது காதில் விழாமல், மாடி ஏறினாள்.

தென்மேற்கு மூலையில் ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் டிரில்லிங் மெஷின். பக்கத்தில் நாலு போல்ட்டும் ஒரு பசைக் குழாயும் வரிசையாக இருந்தன. படிக்கட்டு அறையிலிருந்து ஒயர் இழுத்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் மெஷினை மறைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"நாலு மூலைக்கும் ஒரு போல்ட். ரப்பருக்கு அடியில போயிடும். வெளிய தெரியாது."

"போட்டாச்சா?"

"இல்ல. அரை மணி நேரமா இப்படியே உக்காந்துருக்கேன். கை வரல." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ராத்திரி தூக்கம் இல்ல. கண்ணை மூடினா பேனல் பறந்து தெருவுல விழுது. மெத்தையாவது காய வச்சோம். இது யார் தலையிலயாவது விழுந்தா? ஒரு துளைக்கு பயந்துக்கிட்டு ஒரு உசுரை விட முடியுமா, நீயே சொல்லு."

அவள் அவர் எதிரில் உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளுங்க. கல்லு இருபது கிலோ இல்ல."

"என்ன?"

"ஈரத்துல எடை போட்டுட்டேன். இப்ப காஞ்சிடுச்சு. ஒவ்வொண்ணும் பதினெட்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேல. என் தப்புதான். வேற யாரும் காரணம் இல்ல."

கீழே தெருவில் யாரோ கடையின் ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கூரைத் தரையிலேயே பெருக்கிப் பார்த்தார். நூற்றறுபது தடவை ஒன்றே கால். அதைப் பார்த்ததும் அவர் தோள் மெல்ல இறங்கியது. எதற்கு என்று தெரியாமல் மூன்று இரவு அவரை உருட்டிய பயத்துக்கு இப்போது ஒரு கணக்கு கிடைத்திருந்தது.

"இருநூறு கிலோ" என்றார். "இருநூறு கிலோ தானே குறையுது?"

"ஆமா."

"அப்ப துளை எதுக்கு? கல்லுதானே வேணும்." மெஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார். "பன்னெண்டு கல்லு போட்டா கணக்கு நேராகும். ஆனா வர்ற காத்து கணக்குப் பார்த்து வராது. மூலைக்கு நாலு, தெக்கு, மேக்கு ஓரத்துக்கு இருபது. முப்பத்தாறு கல்லு வை. காஞ்ச கல்லு. இருக்கா?"

"எங்க பட்டறைச் சுவர் ஓரமா மூலை உடைஞ்ச கல்லு கெடக்கு. ரெண்டு மாசம் வெயில் தின்ன கல்லு. விக்க முடியாது, ஆனா கனம் கனந்தானே."

"முதலாளியம்மாகிட்ட சொல்லணும்" என்றார் அவர்.

"நான் சொல்றேன். கல்லு என்னுது."

"மெஷினைத் தூக்கிட்டு வந்தது நான். ரெண்டு பேரும் சொல்லுவோம்."

முதலாளியம்மா கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டார். ஈரக் கல்லையும் கேட்டார், மடியில் வைத்திருந்த மெஷினையும் கேட்டார். பெண்கள் எல்லோரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் மட்டும் தலை நிமிராமல் அதே தாளைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"துளை போட்டீங்களா?" என்றார் முதலாளியம்மா.

"இல்லம்மா."

"அப்ப என்ன வேணும்?"

"ஆளு வேணும்" என்றாள் கல்லுக்காரி.

புயலுக்காக ஊர் முழுக்கப் பத்து மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் கப்பி செத்துக் கிடந்தது. கல் பட்டறைக்காரர் தன் சின்ன வண்டியிலேயே கல்லை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கியபோது மணி பதினொன்றரை. காற்று இன்னும் வரவில்லை, ஆனால் தெருவில் காகிதங்கள் தரையை ஒட்டி ஓட ஆரம்பித்திருந்தன. பைண்டிங் பட்டறையில் காகிதக் கழிவை நிறுக்கும் தராசை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். உடைந்த கல் ஒவ்வொன்றையும் கல்லுக்காரி அதில் வைத்து, உள்ளபடி எழுதினாள். பதினேழரை. பதினெட்டே கால். பதினாறே முக்கால். இந்த முறை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

வாசலிலிருந்து கூரைவரை நாற்பத்தாறு படி. மடிக்கிறவர்கள், தைக்கிறவர்கள், பசை காய்ச்சுகிறவர், கட்டிங் மெஷின்காரர், கணக்கர், முப்பது பேருக்கு மேல் வரிசையாகப் படியில் நின்றார்கள். கல் கையிலிருந்து கைக்கு ஏறியது. காகிதம் தவிர வேறெதையும் தூக்கிப் பழகாதவர்கள். முதல் ஐந்து கல்லுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆறாவது கல்லில் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டது. கணக்கருக்கு வியர்வையில் கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது. நாத்தனார் முதல் மாடித் திருப்பத்தில் நின்று, "பாத்து, விரல் பத்திரம். விரல் போச்சுன்னா நாளைக்கு யாரு மடிக்கிறது?" என்று எல்லோரையும் விரட்டினாள். முதலாளியம்மா அவளுக்கு மேல் படியில், முழங்கைவரை சுருட்டிய சட்டையோடு கல் வாங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு கிலோ கல் அவர் கைக்கு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கைக்குக் கொடுத்தார்.

மேலே ஃபிட்டர் ஒவ்வொரு கல்லின் எண்ணையும் படித்துப் பார்த்து, எந்தத் தட்டில் எது என்று சொன்னார். கனத்த கல் மூலைக்கு. ஒரே இடத்தில் குவியாமல், பொறியாளர் சொன்னபடி பரப்பி. கடைசிக் கல்லைத் தென்மேற்கு மூலைத் தட்டில் கல்லுக்காரியே இறக்கினாள். இரண்டு பேரும் அந்த மூலையைப் பிடித்துச் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. டேப்பை எடுத்து நாலு பக்கமும் சுவரிலிருந்து அளந்தார்கள். ஒரு மீட்டர் நாற்பது. அதற்குள் முதல் காற்று வந்து அவள் முந்தானையை முகத்தில் அடித்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போகவும் முடியாது. கடைசி மாடியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் காலையிலேயே பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வைத்த ரொட்டியையும் வேகவைத்த முட்டையையும் பங்கு வைத்தாள். பசை காய்ச்சுகிற அடுப்பில் தேநீர் போட்டார்கள். அதில் லேசாகப் பசை வாசனை வந்தது, குடித்தார்கள்.

இரண்டு மணிக்கு மேல் காற்று முழுக்க இறங்கியது. முதலில் ஒரு விசில். பிறகு தூரத்தில் லாரி ஏறி வருகிற மாதிரி ஓர் உறுமல், அது நிற்காமல் தலைக்கு மேலேயே தங்கிவிட்டது. ஜன்னல் கதவுகள் பூட்டியபடியே நடுங்கின. எங்கோ தகரம் கிழிந்து தரையில் மோதும் ஓசை கேட்டது. ஃபிட்டர் எழுந்து நின்றார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நம்மளுது இல்ல. நம்மளுது விழுந்தா கண்ணாடிச் சத்தம் வரும்."

பிறகு மழை வந்தது. மழை என்று சொல்ல முடியாது, பக்கவாட்டில் எறிந்த தண்ணீர். முதலாளியம்மா காகிதக் கட்டின் மேல் கையை வைத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக் கூரையை முப்பது பேர் இப்படி உட்கார்ந்து பார்ப்பது அந்தத் தெருவில் அதற்கு முன் நடந்திருக்காது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. ஒட்டடைக் கம்பின் நுனியில் ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றிக் கட்டி, பேனல் வரிசை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே கூரையில் அழுத்தி அழுத்தி நடந்தாள். ஒவ்வொரு தடவையும் தாளை இறக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நாலு மூலையும் நடுவும் பார்த்து முடித்துவிட்டு, தாளை அவிழ்த்து முதலாளியம்மா கையில் கொடுத்தாள். காய்ந்த தாள். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தரை மணிக்குக் காற்று களைத்தது. மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தபோது ஃபிட்டர் கதவைத் திறந்துகொண்டு கூரைக்குப் போனார். அவர் பின்னால் எல்லோரும்.

எதிர்க் கட்டடத்தின் தகரக் கொட்டகையைக் காணவில்லை. பாதி தெருவில் கிடந்தது, மீதி எங்கே என்று தெரியவில்லை. விளம்பரப் பலகைகள், மரக்கிளைகள், யாருடைய தண்ணீர்த் தொட்டியோ ஒன்று, எல்லாம் கீழே கலந்து கிடந்தன. பைண்டிங் பட்டறையின் கூரையில் நாற்பது பேனலும் கழுவித் துடைத்த மாதிரி படுத்திருந்தன. விரிப்புகளுக்கு இடையிலிருந்த சந்துகளில் மழைத்தண்ணீர் சலசலத்து ஓடிக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் எழுத்துகள் மட்டும் போய்விட்டன.

ஃபிட்டர் டேப்பின் ஒரு முனையை மனைவியிடம் கொடுத்தார். கிழக்கே ஒரு மீட்டர் நாற்பது. வடக்கே ஒரு மீட்டர் நாற்பது. மேற்கே அதேதான். தென்மேற்கு மூலைக்கு வந்தபோது எல்லோரும் நெருங்கி நின்றார்கள். அவர் குனிந்து படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"ஒண்ணு நாப்பது" என்றார். "மயிரளவு நகரல."

கட்டிங் மெஷின்காரர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லோரும். கணக்கர் ஒரு பேனலைத் தொட்டுக் கும்பிட்டே விட்டார். ஃபிட்டர் மனைவியைப் பார்த்தார். அவள் ஈரமான ஓர் உடைந்த கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பக்கத்தில் போன நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள்.

ஊரில் ஐந்து நாள் கரண்ட் இல்லை. கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மறுநாள் வானம் நீலமாகக் காய்ந்தது. வேறு வேலையாகத் தெருவுக்கு வந்த மின்சார இலாகா ஆளை முதலாளியம்மா கையைப் பிடிக்காத குறையாக மேலே அழைத்துப் போய்க் காட்டினார். அவர் அரை மணி நேரம் சோதித்துப் பார்த்து, வெளிக் கம்பியோடு சேராமல் தனியாக ஓட்டிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஃபிட்டர் சுவிட்சைப் போட்டார். கட்டிங் மெஷின் ஒரு முறை முனகி, பிறகு வழக்கமான சத்தத்துக்கு வந்தது. கத்தி இறங்கி முதல் கட்டுப் புத்தகத்தின் ஓரத்தைச் சீவியது.

மெழுகுவர்த்தி வாங்க வரிசையில் நின்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எங்கிருந்து கரண்ட் வந்தது என்று விசாரித்தார்கள். விசாரித்தவர்களுக்கெல்லாம் நாத்தனார் வாசலில் நின்று பதில் சொன்னாள். தம்பி பெயரையும் தம்பி மனைவியின் பெயரையும் முழுசாக, இரண்டிரண்டு தடவை சொன்னாள். பட்டறையில் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. புத்தகங்கள் பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தன.

அந்த வாரக் கடைசியில் ஃபிட்டரின் வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் மருந்துக் கிடங்குக்காரர், ஒருவர் பள்ளிக்கூடத்தின் நிர்வாகி, இன்னொருவர் நூல் ஆலையின் மேலாளர். கூரையில் கை வைக்காமல் சோலார் வேண்டும், உடனே வேண்டும், எப்போது தொடங்கலாம் என்று ஃபிட்டரைக் கேட்டார்கள். அவர் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் எண்ணெய் தடவிய விரல்களைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கூரைக்கு எத்தனை வயது, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், பொறியாளரிடம் காட்டினீர்களா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தாள். நூல் ஆலைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கல்லு வார்த்துத் தண்ணியில கெடக்கணும், எடுத்து நல்லா காயணும், அப்புறந்தான் தராசுல ஏறும்" என்றாள் அவள். "ரெண்டு மாசம் ஆகும். அவசரம்னா வேற ஆளைப் பாருங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, யார் பெயரை முதலில் எழுதிக்கொள்வது என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு வளர்ந்தது. காத்திருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்தார்கள்.